நூல் சுற்றும் மெஷினில் டென்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் கோன் வைண்டிங்கில், அதாவது கூம்புக் குழலில் நூல் சுற்றும் வேலையில், கை பழகி, பிறகு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவன் நான். இங்கே காக்கி புக்கிட்டில், அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்றின் நான்காம் மாடியில் வேலை. தையல் நூலையும் எம்பிராய்டரி நூலையும் பெரிய கோனிலிருந்து சிறிய கோனுக்கு மாற்றிச் சுற்றுவோம். இதே மாதிரி வேலையில் இருக்கும் தம்பிகள், ரவிக்கை தைக்கும் அக்காமார், சொந்தமாக ஓர் எம்பிராய்டரி மெஷின் போட்டிருப்பவர்கள் என்று பலர் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் தே குடிக்கும்போது என்னிடம் கேட்டவைதான் கீழே உள்ள கேள்விகள். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்வதற்கு ஒரு தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

டென்ஷன் என்று எதைச் சொல்கிறீர்கள்? எதில் அளப்பது?

தமிழில் டென்ஷன் என்றாலே மனுஷனுக்கு வரும் டென்ஷன் என்றாகிவிட்டது. இங்கே பேசுவது நூலுக்கு வருவதை. ஓடுகிற நூலை நீளவாக்கில் இழுத்துப் பிடித்திருக்கும் விசை அது. பாடப்புத்தகத்தில் இழுவிசை என்று இருக்கும். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பழைய ஆட்கள் கிராமில் சொல்வார்கள். 20 கிராம் டென்ஷன் என்றால், அந்த நூலில் 20 கிராம் எடையைக் கட்டித் தொங்கவிட்டால் எவ்வளவு விறைப்பாக நிற்குமோ அவ்வளவு. புது மீட்டர்களில் சென்டிநியூட்டன் என்று போட்டிருக்கும். 1 கிராம் எடை 0.98 சென்டிநியூட்டன். அந்த 2 சதவீத வித்தியாசம் நம் வேலைக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?

குறைந்தால் உடனே தெரிந்துவிடும். கோன் பஞ்சுத் தலையணை மாதிரி இருக்கும், அடுக்கு சரியும், பக்கவாட்டில் இழை குதித்து வெளியே வலை பின்னியது போல் நிற்கும். அடுத்த மெஷினில் போட்டு வேகமாக இழுக்கும்போது நாலைந்து சுற்று மொத்தமாக வந்து சிக்கும். கண்ணுக்குத் தெரிகிற தப்பு என்பதால் இதை எல்லோரும் திருத்திவிடுவார்கள்.

கூடினால்தான் ஆபத்து, ஏனென்றால் கோன் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். கல் மாதிரி, வழுவழுவென்று, எடையும் நன்றாக ஏறியிருக்கும். ஆனால் நூலில் இருந்த நீட்டம் பாதி அங்கேயே செலவாகிவிட்டது. பருத்தி நூலின் நீட்டமே 5 முதல் 7 சதவீதம் வரைதான். அதில் ஒரு பங்கைச் சுற்றும்போதே உறிஞ்சிவிட்டால், பிறகு தறியிலோ ஊசியிலோ திடீரென்று வெட்டி இழுக்கும்போது தாங்க அதனிடம் எதுவும் மிச்சம் இருக்காது. மெல்லிய இடமெல்லாம் அறும். திட்டு வாங்குவது தறிக்காரர். தப்பு செய்தது நாம்.

பாலியஸ்டர் வேறு மாதிரி பழி வாங்கும். அறாது, நீளும். நீண்டபடியே கோனில் உட்காரும், நீண்டபடியே துணியில் தைக்கப்படும். அப்புறம் மெதுவாகச் சுருங்கும். தையல் ஓரம் சுருக்கம் விழுந்து, சலவைக்குப் பிறகு இன்னும் மோசமாகும்.

எந்த நூலுக்கு எத்தனை கிராம் வைப்பது?

மில்லில் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு இரண்டு. ஒன்று, நூல் அறும் பலத்தில் பத்தில் ஒரு பங்கு. இன்னொன்று, ஒரு டெக்ஸுக்கு ஒரு கிராம். டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை, கிராமில். பருத்தி நூலின் நம்பரை (கவுண்ட் என்பார்கள், எண் கூடக்கூட நூல் மெல்லியது) டெக்ஸாக்க 590.5-ஐ அந்த நம்பரால் வகுக்க வேண்டும். 40-ம் நம்பர் நூல் என்றால் 14.8 டெக்ஸ்.

அந்த நூலையே எடுத்துக்கொள்வோம். டெக்ஸ் கணக்கில் 15 கிராம். ரிங் மெஷினில் நூற்ற நல்ல நூல் டெக்ஸுக்கு 15 சென்டிநியூட்டன் வரை தாங்கும், ஆக 220-ல் அறும், பத்தில் ஒரு பங்கு 22. சரி, 15-க்கும் 22-க்கும் நடுவில் எங்காவது தொடங்குங்கள். கோனை அழுத்திப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

இதே பத்தில் ஒரு பங்கு கணக்கைத் தையல் நூலுக்குப் போட்டால் கெட்டது கதை. டிக்கெட் 120 (டிக்கெட் என்பது தையல் நூலின் பருமனைச் சொல்லும் எண்) பாலியஸ்டர் நூல் ஏறத்தாழ 25 டெக்ஸ். அறுவதற்கு ஒரு கிலோ அளவுக்குப் பலம் வேண்டும். பத்தில் ஒரு பங்கு 100 கிராம் என்று வைத்துச் சுற்றினால் கோன் இரும்புக் குண்டாகிவிடும், பிளாஸ்டிக் குழலே நசுங்கும். அதற்கு டெக்ஸ் கணக்கை மட்டும் பாருங்கள்: 25 கிராமில் தொடங்குங்கள். பலமான நூல் என்பதற்காகப் பலமாக இழுக்க வேண்டியதில்லை. இங்கே நான் பார்த்த சேதாரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு குழப்பத்தால் வந்தது.

எம்பிராய்டரி ரேயானில் 40-ம் எண் என்று விற்பது (மேலே சொன்ன பருத்தி 40 அல்ல, இது வேறு கணக்கு) 120 டெனியரில் இரண்டு புரி. டெனியர் என்பது 9000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 240-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 27 டெக்ஸ். அறும் பலம் பாலியஸ்டரில் பாதிதான் வரும். 20 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வேன்.

டென்ஷனரை முழுக்கத் தளர்த்திவிட்டேன். ஆனாலும் டென்ஷன் குறையவில்லை. மெஷின் கெட்டுவிட்டதா?

இல்லை. டென்ஷனர் என்பது ஓடும் நூலைத் தட்டால் அழுத்தியோ கம்பியில் வளைத்தோ இறுக்கும் பாகம். அதனால் டென்ஷனைக் கூட்டத்தான் முடியும். குறைக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

காப்பிலிருந்தோ (நூற்பு மெஷினிலிருந்து வரும் சிறு நூல் குழல்) கோனிலிருந்தோ கிளம்பும்போதே நூலுக்கு ஒரு டென்ஷன் இருக்கிறது. வழியில் உள்ள ஒவ்வொரு கைடும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. டென்ஷனருக்கு வந்து சேரும்போதே 30 கிராம் என்றால், நீங்கள் தட்டைக் கழற்றி மேசையில் வைத்தாலும் 30 கிராம்தான். உங்களுக்கு 20 வேண்டுமென்றால் கீழே போய்த் தேட வேண்டும்: நூல் எங்கிருந்து வருகிறது, எங்கெங்கே வளைகிறது, எங்கே உரசுகிறது. திருகு மேலே கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் எல்லோரும் அதைத்தான் திருகுகிறார்கள்.

கைடு சும்மா நூலுக்கு வழி காட்டுகிறது. அது எப்படி டென்ஷனைக் கூட்டும்?

படகுத்துறையில் பார்த்திருப்பீர்கள். கனமான படகை ஓர் ஆள் நிறுத்துவார். கயிற்றைக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை மட்டும் கையில் பிடித்திருப்பார். கயிறு கட்டையோடு உரசும் உராய்வுதான் படகைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது மடங்கு மடங்காகப் பெருகிக்கொண்டே போகும். இந்தக் கணக்குக்கு ஆய்லர், ஐட்டல்வைன் என்ற இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். நூலுக்கும் இதே கணக்குதான்.

உராய்வு எண் 0.2 என்று வைத்துக்கொள்வோம். நூல் ஒரு கம்பியை அரைச் சுற்று சுற்றி வந்தால் டென்ஷன் 1.87 மடங்காகும். முழுச் சுற்று என்றால் 3.5 மடங்கு. இரண்டு சுற்று என்றால் 12 மடங்கைத் தாண்டும், படகு நிற்பது அதனால்தான். கம்பி பருமனா மெல்லியதா என்பது இந்தக் கணக்கில் வராது, எத்தனை டிகிரி வளைகிறது என்பது மட்டுமே வரும். அதனால் பார்ப்பதற்கு அப்பாவியாக இருக்கும் மூன்று கைடுகள், ஒவ்வொன்றிலும் 30 டிகிரி வளைவு, மொத்தம் 90 டிகிரி: டென்ஷன் 37 சதவீதம் ஏறிவிட்டது. நீங்கள் எதையும் திருகவே இல்லை.

எங்கள் இடத்தில் ஒரு மெஷினைச் சுவரோரமாக நகர்த்தினோம். இடம் போதாமல், நூல் ஸ்டாண்டைப் பக்கவாட்டில் வைத்து, கூடுதலாக இரண்டு கைடு போட்டு நூலைத் திருப்பிவிட்டோம். அடுத்த நாளிலிருந்து அறுந்து அறுந்து விழுந்தது. நூல் லாட் (ஒரே தடவையில் தயாராகி வந்த சரக்கு) மோசம் என்று இரண்டு நாள் சப்ளையரோடு சண்டை. கடைசியில் ஸ்டாண்டைப் பழையபடி நேராக வைத்ததும் சரியானது. சப்ளையரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது தனிக் கதை.

தட்டு டென்ஷனர், கம்பி டென்ஷனர்: எது நல்லது?

தட்டு என்பது இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே நூல் போவது. மேலே எடையோ ஸ்பிரிங்கோ அழுத்தும். அது கூட்டல் கணக்கு. உள்ளே வருவதோடு ஒரு குறிப்பிட்ட கிராமைச் சேர்த்து அனுப்பும். கம்பி, அதாவது நூல் வளைந்து வளைந்து போகும் வகை, பெருக்கல் கணக்கு. மேலே சொன்ன படகுக் கயிறு.

வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், வரும் நூல் ஒரே சீராக இல்லாதபோது. வரும் டென்ஷன் 5 கிராமுக்கும் 10 கிராமுக்கும் நடுவே ஆடுகிறது என்று வையுங்கள். 10 கிராம் சேர்க்கும் தட்டில் போட்டால் 15-லிருந்து 20 வரை ஆடும். ஆட்டம் அதே 5 கிராம்தான். அரைச் சுற்றுக் கம்பியில் போட்டால் 9.4-லிருந்து 18.7 வரை போகும். ஆட்டமும் பெருகிவிட்டது. அதனால் நூற்ற நூலுக்குத் தட்டுதான் என் தேர்வு.

ஆனால் தட்டு நூலைக் கடிக்கும். முடிச்சோ தடித்த இடமோ வரும்போது தகடு துள்ளும். அந்த நொடியில் டென்ஷன் ஏறி இறங்கும். கனமான எடையை வைத்து ஒரே தட்டில் முழு டென்ஷனையும் வாங்குவதைவிட, இலகுவாக இரண்டு தட்டு வைப்பது மேல். மெல்லிய இழை நூலுக்கு, தட்டு கடித்தால் இழை உடைந்து மயிர் எழும்பும், அங்கே கேட் வகை வசதி. சீப்புப் பல் போல் கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும். வரும் டென்ஷன் கூடினால் கேட் தானே கொஞ்சம் திறந்துகொள்ளும். அந்த இழப்பீட்டுக் குணம் சாதாரணக் கம்பிக்குக் கிடையாது.

காந்தத்தில் இயங்கும் வகையும் உண்டு. நூல் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றிவரும், சக்கரத்தை உள்ளேயிருக்கும் காந்தம் பிடித்து இழுக்கும். நூல் எதன்மேலும் உரசாததால் மெழுகு, ஈரம், சாயம் எதனாலும் பெரிய மாற்றம் வராது. விலைதான் உரசும்.

காப் தீரும் நேரத்தில் மட்டும் ஏன் நூல் அறுகிறது?

காப் நிறைந்திருக்கும்போது நூல் மேல்பக்கத்திலிருந்து லேசாகச் சுழன்று கழன்று வரும். சுழலும் அந்த வடிவத்தைப் பலூன் என்போம். அடிக்குப் போகப் போக பலூன் நீளும், காலியான குழலின் உடம்பைச் சுற்றிக்கொண்டு உரசியபடி நூல் மேலே ஏற வேண்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் டென்ஷன் விறுவிறு என்று ஏறும். வெறும் குழலைச் சுற்றி வருவதும் படகுக் கயிறு கணக்குதான் என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பலூனை உடைத்துவிட வேண்டும். காப்பின் தலைக்குச் சற்று மேலே ஒரு வளையமோ சதுரக் குழாயோ வைத்தால் ஒரு பெரிய பலூன் இரண்டு சின்னப் பலூனாகும். ஆட்டோகோனர் மாதிரி பெரிய மெஷின்களில், காப் தீரத் தீரத் தட்டின் அழுத்தத்தை மெஷினே குறைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அது இல்லாதவர்கள் கடைசிப் பகுதியில் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

கோனிலிருந்து இழுப்பவர்களுக்கு: கைடு கோனின் நடுமையத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும், உயரம் கோனைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், கொத்தனார் பார்ப்பதுபோல. கைடு ஒரு விரல் தள்ளியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை நூல் வெட்டி இழுக்கும்.

அவசர ஆர்டர். வேகத்தைக் கொஞ்சம் ஏற்றலாமா?

ஏற்றலாம், ஆனால் கணக்குத் தெரிந்து ஏற்றுங்கள். பலூனால் வரும் டென்ஷன் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நிமிடத்துக்கு 600 மீட்டரை 900 ஆக்கினால் வேகம் ஒன்றரை மடங்கு, பலூன் டென்ஷன் 2.25 மடங்கு. தட்டில் அந்த அளவுக்குத் தளர்த்த இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தட்டு ஏற்கெனவே தளர்ந்துதான் இருக்கிறது என்றால் வேகத்தைத் தொடாதீர்கள். அறுந்த நூலைக் கட்டுவதில் போகும் நேரம் நீங்கள் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

சிங்கப்பூர் ஈரக்காற்று டென்ஷனைப் பாதிக்குமா?

பாதிக்கும், ஆனால் எந்த நூல் என்பதைப் பொறுத்தது. நூல் சோதனைக்கு உலக அளவில் வைத்திருக்கும் நிலை 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில் 60 சதவீதம் அளவுக்கு இறங்கும். ஒரே நாளில் இரண்டு ஊர்.

பாலியஸ்டருக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை. அது குடிக்கும் தண்ணீர் எடையில் 0.4 சதவீதம்தான். பருத்தி 8.5 சதவீதம் வரை குடிக்கும். ரேயான் அதைவிட அதிகம். பருத்திக்கு ஈரம் பட்டால் பலம் கூடும். ரேயானுக்கு நேர்மாறு, நன்றாக நனைந்தால் பலம் பாதியளவுக்கு இறங்கிவிடும். ஈரம் ஏறினால் நூல் கைடில் ஒட்டிக்கொண்டு உரசும், திருகைத் தொடாமலே டென்ஷன் ஏறும். ரேயானுக்கு ஆக இரண்டு பக்கமும் அடி: இழுப்பும் கூடுகிறது, தாங்கும் பலமும் குறைகிறது. பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, ஒரு நாள் முழுக்க மெஷின் இருக்கும் அறையிலேயே கோனை வைத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். சரக்கு இறங்கும் வாசலில் மழைச்சாரலுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்ததை நேரே மெஷினில் ஏற்ற வேண்டாம்.

எனக்கு இதில் பெரிய பாடம் ஒரு திங்கட்கிழமை கிடைத்தது. அப்போது வேலை பார்த்த இடத்தில் மின்கட்டணத்துக்குப் பயந்து சனிக்கிழமை மாலை ஏசியை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு திங்களும் காலையில் நூல் அறும். மதியத்துக்குள் தானே சரியாகும். முதலாளி, "ஞாயிற்றுக்கிழமை மயக்கம் இன்னும் தெளியவில்லையா?" என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு நாள் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். எஃகுத் தகட்டில் மெல்லிய துரு. அதன்மேல் பஞ்சுத் தூசியும் எண்ணெயும் ஈரத்தில் குழைந்து பசையாகியிருந்தது. மதியம் வரை ஓடிய நூலே அதைத் தேய்த்துச் சுத்தம் செய்திருக்கிறது, அதாவது காலையில் சுற்றிய கோன்களின் நூலில் துரு போயிருக்கிறது. சனிக்கிழமை கிளம்புமுன் தட்டுகளை உலர்ந்த துணியால் துடைத்து, திறந்துவைத்துவிட்டுப் போகத் தொடங்கினோம். திங்கட்கிழமை நோய் நின்றது.

டென்ஷன் மீட்டர் இல்லை. வேறு வழி?

நாணயம் இருக்கிறதல்லவா. இப்போது புழங்கும் சிங்கப்பூர் ஒரு வெள்ளி நாணயம் 7.62 கிராம். இரண்டு போட்டால் 15 கிராம். முன்னே பார்த்த 40-ம் நம்பர் நூலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது.

எடையே இல்லாத சின்னப் பிளாஸ்டிக் பையில் நாணயத்தைப் போட்டு, டென்ஷனரைத் தாண்டி வந்த நூல் நுனியில் கட்டுங்கள். நூலை ஒரு வழுக்கலான கம்பி வழியாகக் கீழே தொங்கவிட்டு, பையை லேசாகத் தட்டிவிடுங்கள். பை நின்றுவிட்டால் டென்ஷன் எடையைவிட அதிகம். தடதடவென்று இறங்கினால் குறைவு. ஆமை வேகத்தில் இறங்கினால் அந்த எடைதான் உங்கள் டென்ஷன், கொஞ்சம் முன்பின். தட்டிவிடுவது ஏன் என்றால், நின்றுகொண்டிருக்கும் நூலை நகர்த்த, நகரும் நூலை இழுப்பதைவிடக் கூடுதல் விசை வேண்டும்.

இதில் பலூன் டென்ஷன் சேராது. மெஷின் ஓடும்போது இதைவிடக் கூடத்தான் இருக்கும். ஆனால் கோன் மாட்டிச் சுற்றும் பத்து ஸ்பிண்டிலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர இது போதும். உண்மையில் சரியான எண்ணைவிட பத்தும் ஒன்றுபோல் இருப்பது முக்கியம்.

மீட்டர் வாங்கினால் என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் டென்ஷன் அளவுகோலின் நடுப்பகுதியில் விழ வேண்டும். 20 கிராம் நூலுக்கு 500 கிராம் மீட்டர் வாங்கினால் முள் அசைவதே தெரியாது. மூன்று உருளை உள்ள கை மீட்டர்தான் எல்லோரும் வைத்திருப்பது: இரண்டு ஓரத்தில், நடு உருளை நூலைத் தள்ளிப் பார்க்கும். தடித்த, விறைப்பான நூல் என்றால் நூலின் விறைப்பையும் டென்ஷன் என்று காட்டிவிடும். அதனால் உங்கள் நூலிலேயே தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, மீட்டரில் மாட்டி, மெதுவாக மேலே இழுத்து, காட்டுவது சரியா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

அளக்கும் இடம் டென்ஷனருக்கும் டிரம்முக்கும் (கோனை உருட்டிச் சுற்றும் உருளை) நடுவே. டிரம்முக்கு ரொம்பப் பக்கத்தில் வேண்டாம், நூல் இடமும் வலமும் ஓடுவதால் முள் ஆடும். ஆடும் முள்ளின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்து ஸ்பிண்டிலில் ஒன்றில் மட்டும் தகராறு. எங்கிருந்து தேடுவது?

கீழேயிருந்து மேலே. கோன் நேராக நிற்கிறதா, கோனின் விளிம்பில் நூல் மாட்டும் அளவுக்கு வெட்டு இருக்கிறதா, முதல் கைடு மையத்தில் இருக்கிறதா. பிறகு ஒவ்வொரு பீங்கான் கைடாக நகத்தை ஓட்டிப் பாருங்கள். நூல் மெல்லியதுதான், ஆனால் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடினால் பீங்கானிலேயே பள்ளம் போடும். நகத்துக்குப் படாத கீறலைப் பிடிக்க ஒரு துண்டுப் பஞ்சை உருட்டித் தேயுங்கள். பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். பள்ளம் விழுந்த கைடைக் கொஞ்சம் திருப்பிவைத்தால் இன்னும் சில மாதம் ஓடும் என்று நானும் செய்திருக்கிறேன். மாற்றிவிடுவதுதான் சரி.

பிறகு தட்டு. தகடு விரலால் தட்டினால் சுழல வேண்டும். சுழலாமல் நின்றால் நூல் ஒரே கோட்டில் ஓடி அறுத்துவிடும், தூசியும் அங்கேயே தங்கும். இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் திருகைத் தொடுங்கள்.

கோன் பெரிதாகப் பெரிதாக ஓரம் பிதுங்குகிறதே?

மேல் அடுக்கு உள் அடுக்கை அழுத்துகிறது. உள்ளே இருந்த நூல் டென்ஷனை இழந்து, இடம் தேடிப் பக்கவாட்டில் வருகிறது. கோன் பெரிதாகும்போது டென்ஷனைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும்.

டிரம் உருட்டும் கோனில் இதைச் சமாளிக்கலாம், ஏனென்றால் கோன் எவ்வளவு பெரிதானாலும் நூல் வேகம் மாறாது. ஸ்பிண்டிலே நேராகச் சுழலும் மெஷினில் விஷயம் வேறு. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், 3 சென்டிமீட்டர் விட்டத்தில் நூல் வேகம் சுமார் 280 மீட்டர். 9 சென்டிமீட்டர் ஆகும்போது சுமார் 850. வேகம் மூன்று மடங்கு, பலூன் டென்ஷன் ஒன்பது மடங்கு. குறைய வேண்டிய நேரத்தில் ஏறுகிறது. வேகத்தைத் தானே குறைக்கும் மோட்டார் இல்லையென்றால் சின்னக் கோனாகச் சுற்றி நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோனில் பட்டை பட்டையாக வரி விழுகிறது. டென்ஷன் காரணமா?

இல்லை. கோன் சுற்றும் எண்ணிக்கையும் டிரம் சுற்றும் எண்ணிக்கையும் முழு எண் விகிதத்தில் வந்து நிற்கும் விட்டத்தில், நூல் போன சுற்றின்மேலேயே திரும்பத் திரும்ப விழும். டிரம் வேகத்தை லேசாக ஏற்றி இறக்கும் பாகம் வேலை செய்யவில்லை. அதைப் பாருங்கள்.

சாயம் போடப் போகும் கோனுக்கு?

மென்மையாக, அதைவிட முக்கியம் சீராக. பருத்திக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.35 முதல் 0.40 கிராம் அடர்த்தி என்பது பழகிய அளவு. நேர்க்குழல் என்றால் கணக்கு எளிது: உயரம் 15, வெளி விட்டம் 18, உள் விட்டம் 6 சென்டிமீட்டர் என்றால் கொள்ளளவு சுமார் 3390 கன சென்டிமீட்டர். 0.38 வேண்டுமானால் நூல் மட்டும் 1.29 கிலோ இருக்க வேண்டும். தராசில் கூடினால் டென்ஷன் கூடிவிட்டது. இறுக்கமான இடத்தில் சாயத்தண்ணீர் நுழையாது, தளர்ந்த இடத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடிவிடும்.

மெழுகு போட்டால் டென்ஷன் குறையுமா?

மெழுகைத் தாண்டிய பிறகு வரும் உரசல் குறையும், ஏறக்குறைய பாதியாக. பின்னலாடை ஊசிக்குப் போகும் பருத்தி நூலுக்கு அது அவசியம். ஆனால் மெழுகுக் கட்டி டென்ஷனருக்குப் பிறகு இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் தட்டெல்லாம் மெழுகு அப்பி, ஒரு மணிநேரத்துக்கு ஒரு டென்ஷன் காட்டும்.

ரவிக்கை தைக்கிறேன். என் தையல் மெஷினில் பாபின் சுற்றுவதற்கும் இதெல்லாம் உண்டா அண்ணே?

உண்டு அக்கா, இதே கதைதான் சின்ன அளவில். மெஷின் தலையில் பாபின் சுற்ற என்று ஒரு சிறிய தட்டு இருக்கும். அவசரத்தில் அதில் நூலை மாட்டாமல் கையால் பிடித்துச் சுற்றுகிறார்கள். விரல் ஒரு நேரம் இறுக்கும், ஒரு நேரம் விடும். பாபின் ஒரு பக்கம் குண்டாக, ஒரு பக்கம் ஒல்லியாக வரும், அடித்தையல் நடுவில் தொளதொளக்கும். தட்டில் மாட்டி, மிதமான வேகத்தில் சுற்றுங்கள். முழு வேகத்தில் சுற்றினால் பாலியஸ்டர் நூல் நீண்டு உட்கார்ந்து, பிறகு தையலில் சுருங்கும். தேய்த்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது.

பாபின் கேஸைச் சோதிக்க, கேஸோடு நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அசையாமல் நிற்க வேண்டும். கையை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் கொஞ்சம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். தானாக ஓடினால் திருகைக் கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

நிறம் மாறினால் டென்ஷனும் மாறுமா?

மாறும். அடர் நிறங்களில், குறிப்பாகக் கறுப்பில், நூலின் மேல்பரப்பு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. வெள்ளையில் சரிபார்த்த மெஷினில் கறுப்பை மாட்டினால் நாணயச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பாதிக் கோனில் நூல் தீர்ந்துவிட்டது. அதே நிறம், அதே நம்பர், வேறு லாட் இருக்கிறது. ஒட்டி ஓட்டலாமா?

வேண்டாம். எண்ணெய் பூச்சு லாட்டுக்கு லாட் மாறும், உரசலும் மாறும். கோனின் பாதி ஒரு டென்ஷனிலும் மீதி வேறு டென்ஷனிலும் நிற்கும், வாங்கியவருக்கு எந்த இடத்தில் மாறியது என்று தெரியாது. அந்தப் பாதிக் கோனைத் தனியே எடுத்து, எடையை எழுதி ஒட்டி, பாதி விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.